தன்மையில் வராத வினை

"அன்றைக்கு ராத்திரி கம்பி நீட்டிவிட்டாயே, தம்பி" என்று பெரியம்மா சொன்னபோது என் கையில் காபி டம்ளர் இருந்தது. பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கீற்றுகளைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம். அவர் குரலில் கோபம் இல்லை, சண்டைக்கு இழுக்கிற தோரணையும் இல்லை. நேற்று மழை பெய்ததே என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். அதில் சர்க்கரையே போடவில்லை என்பது பாதி டம்ளர் காலியான பிறகுதான் நாக்குக்கு உறைத்தது.

அந்தச் சொல்லைப் பற்றி அதுவரை எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவன் நான். நாள் முழுவதும் சொற்களோடு மல்லுக்கட்டுவதால் இந்த மாதிரிச் சில்லறைக் கொள்கைகள் நிறையச் சேர்ந்துவிடும். 'கம்பி நீட்டு' என்பது தன்மையில் வராத வினை என்பது அவற்றில் ஒன்று. கம்பி நீட்டினான், நீட்டிவிட்டார், நீட்டிவிட்டார்கள் என்று படர்க்கையில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நீட்டினேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முன்னிலையும் அரிதுதான். யாரைப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் எதிரே இருக்க மாட்டான். எதிரே நின்றால் அவன் கம்பி நீட்டவே இல்லை என்றல்லவா ஆகிறது! நண்பர்கள் நடுவே இதைச் சொல்லி ஒன்றிரண்டு முறை மெச்சுதலும் வாங்கியிருக்கிறேன். பெரியம்மா ஒரே வாக்கியத்தில் அதில் பாதியை உடைத்துப் போட்டார்.

சீட்டுக்காரரின் மத்தாப்பு

இந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு ஏழு வயது. எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடித்துக்கொண்டிருந்தவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். வாரம் பத்து ரூபாய். அம்மா அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் மணியை இரண்டு முறை அடித்துவிடுவார். ரோஜா நிற அட்டையில் ஐம்பது கட்டங்கள் அச்சடித்திருக்கும். பணம் வாங்கியதும் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து என்பது ஒரு சுழியும் அதன் வாலும்தான். வால் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாரோ என்று நான் மகிழ்வேன். ஐம்பதும் நிறைந்தால் தீபாவளிக்கு முன்னால் ஒரு பட்டாசுப் பெட்டி, இனிப்பு, எவர்சில்வர் குடம், மிச்சத்துக்கு ரொக்கம்.

நாற்பத்தெட்டாவது வாரம் அவர் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்றார் அம்மா. நாற்பத்தொன்பதாவது வாரமும் வராமல் போகவே, தெருவே திரண்டு அவர் வீட்டுக்குப் போனது. அப்பா திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "கம்பி நீட்டிவிட்டான்." காலையில் 'அவர்' என்று இருந்த மனிதர் மாலையில் 'அவன்' ஆகியிருந்தார். 470 ரூபாய். அம்மா அந்த அட்டையை உடனே கிழித்துப் போடவில்லை. பொங்கல் வரைக்கும் அது காலண்டருக்குப் பின்னால் இருந்தது.

எனக்கு அப்பா சொன்னதில் காதில் விழுந்தது 'கம்பி' மட்டும்தான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏழு வயதுக்காரனுக்குக் கம்பி என்றால் கம்பி மத்தாப்பு, வேறென்ன? எனக்குள் ஒரு படம் விழுந்துவிட்டது. அவர் எங்கோ ஒரு தெரியாத ஊரில் இருட்டில் நிற்கிறார். சட்டையில் பொறி தெறிக்காமல் இருக்கக் கையை நன்றாக நீட்டிக்கொண்டு, எங்கள் பெட்டியில் இருந்திருக்க வேண்டிய மத்தாப்பை ஒவ்வொன்றாகக் கொளுத்துகிறார். பிறகு பொருள் தெரிந்த பிறகும் அந்தப் படம் அழியவில்லை. இன்றைக்கும் யாராவது கம்பி நீட்டினார் என்று செய்தித்தாளில் படித்தால் முதலில் ஒரு கை நீள்கிறது. அதன் நுனியில் பூப்பூவாக வெளிச்சம் கொட்டுகிறது.

நிஜமாகவே கம்பி நீட்டுகிற வேலையைப் பார்த்தது சில ஆண்டுகள் கழித்து, வகுப்பு நண்பனின் வீட்டில். அவன் அப்பா பத்தர். உருக்கி வார்த்த தங்கக் குச்சியின் முனையை அரத்தால் ராவிக் கூராக்குவார். எஃகுத் தகடு ஒன்றில் பெரியதிலிருந்து சிறியது வரை துளைகள் வரிசையாக இருக்கும். பெரிய துளையில் முனையை நுழைத்து, மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நுனியைக் குறட்டால் கவ்வி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். பிறகு அதைவிடச் சிறிய துளை. பிறகு அதையும்விட. நடுநடுவே கம்பி விறைத்துக்கொள்ளும்; நெருப்பில் காட்டி இளக்காவிட்டால் பட்டென்று அறுந்துவிடும். ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பியாக இழுக்கலாம் என்று பாடப்புத்தகத்தில் படித்தபோது, எங்கள் பெருமாள் கோயிலிலிருந்து ஆற்றுப் பாலம் வரையான தூரத்தை நினைத்துக்கொண்டேன். சொல் இந்தப் பட்டறையில்தான் பிறந்தது என்று வாதாட வரவில்லை. ஆனால் உள்ளங்கைக்குள் பத்திரமாக இருந்த ஒன்று, இழுக்க இழுக்க மெலிந்துகொண்டே கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போவதைப் பார்த்தவனுக்கு அந்த 470 ரூபாய் நினைவுக்கு வராமல் இருக்குமா?

1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது இந்தச் சொல்லுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. 1997இல் முதலீட்டாளர் நலனுக்கென்று தனிச் சட்டமே வந்தது. டான்பிட் என்று நீதிமன்றச் செய்திகளில் வருகிறதே, அதுதான். அந்தக் காலச் செய்தித்தாள்களில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். தலைப்பில் கம்பி நீட்டியவர் செய்திக்குள்ளே போனதும் 'தலைமறைவாகி'விடுவார். தலைப்பு எழுதுகிறவர் ஏமாந்தவன் வாயால் பேசுகிறார்; செய்தி எழுதுகிறவர் காவல் நிலையத்துப் பதிவேட்டைப் பார்த்து எழுதுகிறார். பிடிபட்டால் இரண்டு பேரும் ஒன்றுசேர்ந்து அவரைக் கம்பி எண்ண வைப்பார்கள். தொகை பெருகப் பெருகச் சொல்லும் பட்டு உடுத்திக்கொள்கிறது. 100 கோடி ரூபாய்க்குக் குறையாமல் விவகாரம் வைத்துவிட்டு நாட்டை விட்டே போய்விட்டால், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி' என்று நீதிமன்றமே அறிவிக்கும். எங்கள் சீட்டுக்காரருக்கு அந்த யோகம் இல்லை. கை நீட்டி வாங்கினார், கம்பி நீட்டினார். அவ்வளவுதான்.

யார் வாயில் இருக்கிறது சொல்

ஓடுவதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், உட்காராது. ஓட்டம் பிடித்தான் என்றால் ஓடியதை யாரோ நின்று பார்த்திருக்கிறார்கள். பின்னங்கால் பிடரியில் பட ஓடினான் என்றால் பார்த்தது மட்டுமல்ல, சிரித்தும் இருக்கிறார்கள். இரண்டு கால் மனிதனுக்கு முயலின் உடம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். நழுவினான் என்றால் கையில் ஈரமும் செதிலும் ஒட்டியிருக்கும். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பது அந்தக் குடும்பம். கழன்றுகொண்டான் என்பது விழாக் குழுக்களுக்கும் கட்சிகளுக்கும் உரியது. நடையைக் கட்டினான் என்பதில் மட்டும் கொஞ்சம் மரியாதை மிச்சம் இருக்கிறது. எதிராளியை விரட்டுவதற்கும் அது பயன்படும், நம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் பயன்படும். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், ஒன்றும் தேறவில்லை, நடையைக் கட்டினேன் என்று யாரும் கூசாமல் சொல்லலாம்.

கம்பி நீட்டுவது இவற்றில் எதுவும் இல்லை. இதற்குச் சாட்சி கிடையாது. ஆள் போன பிறகுதான் தெரியும். அதனால்தான் பெரும்பாலும் 'விட்டான்' என்ற துணைவினையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கடன் ஒன்று இருந்தாக வேண்டும். பணமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. செய்கிறேன் என்று ஒப்புக்கொண்ட வேலை, இருக்கிறேன் என்று சொன்ன சொல், கழுவாமல் கிடக்கும் பாத்திரம், எதுவும் ஆகலாம். எந்தக் கடனும் இல்லாதவன் போனால் அவன் சும்மா போகிறான். கல்லூரியில் கடைசி வகுப்புக்கு முன்னால் "கம்பி நீட்டிவிடலாமா?" என்று கிசுகிசுத்துக்கொள்வோமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டார்கள். அது சதி, நாலு பேர் சேர்ந்து தீட்டும் திட்டம், வரப்போகும் குற்றத்தைப் பன்மையில் பங்கு போட்டுக்கொள்வது. முடிந்த பிறகு ஒருமையில், தன்மையில், "நீட்டினேன்" என்று சொல்லும் ஆளைக் காட்டுங்கள் என்பேன். நான் ஜெயித்துவிடுவேன்.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு அவற்றுக்கு இடம் பிரித்துக் கொடுக்கிறது. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும். செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான். செல்வது என்றாலே படர்க்கையை நோக்கித்தான். கம்பி நீட்டுகிறவன் அந்தத் திசையிலேயே போய்ப் போய்க் கடைசியில் தானே படர்க்கையாகிவிடுகிறான். அப்பா செருப்பைக் கழற்றிய அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது அதுதான்.

ஓடியவனைப் பற்றிய பேச்சு எப்போதும் ஓடாதவனிடம்தான் இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் தோற்றோடும் கலிங்க வீரர்களைச் செயங்கொண்டார் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. தங்கள் நிழலுக்கே பயப்படுகிறார்கள். இடுப்புத் துணியையும் பறிகொடுத்தவர்கள் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணத் துறவிகள் ஆகிறார்கள். வில்லின் நாணைக் கழற்றிப் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கைக்கு நீராடப் போன இடத்தில் அகப்பட்டுக்கொண்டோம் என்கிறார்கள் சிலர். இரத்தத்தில் தோய்ந்த துணியை உடுத்தி, தலையை மழித்துப் பௌத்தர் வேடம் போட்டவர்களும் உண்டு. யானையின் மணியைத் தாளமாகப் பிடித்துக்கொண்டு பாணர் என்று சொல்லிப் பிழைத்தவர்களும் உண்டு. கல்லூரிப் பாடத்தில் முதன்முறை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது படிக்கும்போது, அந்த நாணைக் கழற்றும் கையின் நடுக்கம் தெரிகிறது. வயதாகிவிட்டது, வேறொன்றும் இல்லை. தோற்றவர் பெயரைத்தான் பரணிக்கு வைப்பது மரபு. பெயர் மட்டும் அவர்களுடையது; சிரிப்பு முழுவதும் சோழனுடையது.

புறநானூற்றுக் கிழவியின் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லப் போவதில்லை. ஒன்றே ஒன்று. காக்கைபாடினியார் நச்செள்ளையார் அந்தப் பாட்டில் மகன் ஓடினான் என்று சொல்லவில்லை. 'மாறினன் என்று பலர் கூற' என்கிறார். அந்தப் பலர் யார்? களத்திலிருந்து திரும்பியவர்களா? அவர்கள் எப்படித் திரும்பினார்கள்? கிழவி வாளை எடுத்துக்கொண்டு அங்கே போய்த் துழாவாமல் இருந்திருந்தால், சிதைந்து கிடந்த மகன் காலம் முழுவதும் மாறினவனாகவே இருந்திருப்பான். மாறினான் என்றால் இன்றைக்குத் திருந்தினான் என்று பொருள் வருகிறது. அன்றைக்கு அது முதுகைக் காட்டுவது.

பெண்கள் கணக்கு தனி. கம்பி நீட்டினாள் என்று நான் பார்த்த மெய்ப்புகளில் மிக அரிதாகத்தான் கண்ணில் பட்டிருக்கிறது. பெண் போனால் 'ஓடிப்போய்விட்டாள்'. அந்தச் சொல்லில் கடன் இல்லை, சிரிப்பு இல்லை. வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் இருக்கிறது. இதே காரியத்துக்குச் சங்கப் புலவர்கள் உடன்போக்கு என்று பெயர் வைத்தார்கள். உடன் போகிறவனின் பக்கத்திலிருந்து வைத்த பெயர் அது. பின்னால் தேடிக்கொண்டு போன செவிலித்தாய் வழியில் எதிர்ப்பட்ட அந்தணர்களைக் கேட்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசிக்கொள்கிறவருக்குத்தான், மலைக்கு அதனால் என்ன பயன் என்று அவர்கள் பாலைக்கலியில் பதில் சொல்கிறார்கள். நல்ல பதில்தான். மலையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

அந்த ராத்திரி

இனிமேலும் சுற்றி வளைத்தால் நான் இப்போதும் அதைத்தான் செய்கிறேன் என்று ஆகிவிடும்.

பெரியப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இறந்துபோனார். மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, விளக்கைப் பார்த்துவிட்டு, ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்தோம். மாமா ஒருவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தொடையில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதினார். பந்தல், பூ, மூங்கில், மேளம், ஐஸ் பெட்டி. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், சிங்கப்பூரிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தார். தொகை எவ்வளவு என்றாலும் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதனால் பணம் பிரச்சினையே இல்லை. நோட்டை மூடிய மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டு நுனியால் துடைத்துவிட்டு, "சரி, காரியம் முடிந்து இவன் ஊருக்குப் போன பிறகு அக்கா யாரிடம் இருப்பது?" என்றார்.

யாரும் பேசவில்லை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையின் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். முதல் ஆளுக்கு மூன்று பெண்கள். இரண்டாம் ஆளுக்கு ஒண்டிக் குடித்தனம். மூன்றாம் ஆள் கீழே கிடந்த மாவிலை ஒன்றை எடுத்து நரம்பு நரம்பாகக் கிழித்தார். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதில் கோடை விடுமுறை முழுவதும் அந்த வீட்டில் பெரியம்மா கையால் சாப்பிட்டுக் கிடந்தவன் நான் என்பதும் தெரியும். மாமாவின் பார்வை நாலாவது ஆளுக்கு வந்தபோது கால் கழுவப் போகிறவனைப் போலச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கொல்லைக் குழாயடியில் செம்பை வைத்தேன். தண்ணீர் கூடப் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் உடை மாற்ற வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு, வேலி ஓரமாக நடந்து, சாலைக்கு வந்துவிட்டேன். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மற்ற நாளில் 'போகிறேன்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. 'போய் வருகிறேன்' என்றோ 'வருகிறேன்' என்றோதான் சொல்ல வேண்டும். கிளம்புகிறவரை எங்கே என்று கேட்பதுகூடச் சகுனக்கேடு, எவ்வளவு தூரம் என்றுதான் பெரியம்மா கேட்பார். சாவு நடந்த வீட்டில் மட்டும் மீண்டும் வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் எதுவுமே சொல்லாமல் எழுந்து போக வேண்டும். முறைப்படி கிளம்புகிறவனும் கம்பி நீட்டுகிறவனும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஒரே இடம் அது. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. செம்பை எடுத்தபோதே தெரிந்திருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து அண்ணனுக்குச் செய்தி அனுப்பக் கைபேசியை எடுத்தேன். 'அவசர வேலை, கிளம்பினேன்' என்று அடித்தேன். மெய்ப்புப் பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? கிளம்பினேன் என்பது மொட்டையாக இருக்கிறது என்று பட்டது. 'கிளம்பிவிட்டேன்' என்று மாற்றினேன். அதில் ஏதோ சாமர்த்தியம் தெரிந்தது. கடைசியில் 'கிளம்ப வேண்டியதாயிற்று' என்று அனுப்பினேன். தமிழில் இதைப் போல வசதியான ஒரு வாக்கியம் கிடையாது. அதில் ஆளே இல்லை. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று பேர் இருக்கையில் ஜன்னலோரமாக வைத்துவிட்டுப் போனதைப் போல இருந்தது. அண்ணன் 'சரி' என்று பதில் அனுப்பினார். கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவரை நான்கு முறை அந்த 'சரி'யைத் திறந்து பார்த்தேன்.

பதினாறாம் நாள்தான் பெரியம்மா அதைச் சொன்னார். அத்தனை பேர் இருந்த கூட்டத்தில், அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றியிருந்த ஒரு பெண்ணுக்கு, ஒருவன் இல்லாமல் போனது எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "காலையில் ஒரு வேலை இருந்தது பெரியம்மா" என்று ஆரம்பித்தேன். "செம்பு குழாயடியில் இருந்தது" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பிறகு சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது நானாக எடுத்த முடிவா, செம்பு எடுத்த முடிவா என்று என் மனைவி கேட்கிறாள். தை மாதம் வந்தார். வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை, யாரும் அவருக்கும் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது மாடி. காலையில் பால்கனியில் நின்று கீழே போகிறவர்களை எண்ணுவார். எதிர்வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஊரில் பூசணிக் கொடிக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று இரண்டு முறை கேட்டார். பக்கத்து வீட்டில் விடுவார்கள் என்றேன். "அவர்கள் வேரில் விட மாட்டார்கள், இலையில் விடுவார்கள்" என்றார்.

பதினொன்றாவது நாள் காலை எழுந்து பார்த்தபோது கூடத்தில் அவருடைய பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. போர்வை நாலாக மடித்து அதன் மேல். மஞ்சள் பை இல்லை. குளியலறையில் இல்லை, பால்கனியில் இல்லை. வாசல் மரக்கதவு திறந்திருந்தது. வெளி கிரில் கதவில் எங்கள் பூட்டு வெளிப்பக்கமாகத் தொங்கியது. நானும் மனைவியும் பைஜாமாவும் நைட்டியுமாக அந்தக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தோம். அப்போது கைபேசி அடித்தது. பின்னால் பஸ் சத்தம், நடத்துனரின் விசில்.

"பெரியம்மா, எங்கே போ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எவ்வளவு தூரம் பெரியம்மா?"

"திண்டிவனம் தாண்டியாயிற்று" என்றார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது. "கம்பி நீட்டிவிட்டேன், தம்பி."

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "திருட்டுப் பயம் பாரு, அதனால்தான் வெளியே பூட்டினேன். சாவி பால் பையில் கிடக்கிறது. கிரில் கம்பிக்கு நடுவே கையை நீட்டு, எட்டும்."